ப்ரோபோடெக்டர்: துப்பாக்கி அப்படியே, தோல் மட்டும் இரும்பு

எங்க க்ளாஸ்ல ஒரு நண்பன் இருக்கான். பேர் வேண்டாம், அடிக்க வருவான். போன வாரம் டீ குடிச்சுட்டு இருக்கும்போது ஒரு தீர்ப்பு சொன்னான். "துப்பாக்கி கேம்ல மனுசனுக்குப் பதிலா ரோபோவை வெச்சுட்டாப் போதும்டா. ரத்தம் இல்லை, சாவு இல்லை. சின்னப் பசங்க தாராளமா விளையாடலாம்." சுத்தி இருந்த நாலு பேரும் பெரிய மனுசங்க மாதிரி தலையாட்டினாங்க. எனக்கு டீ தொண்டையில இறங்கலை.

ஏன்னா இந்த யோசனை புதுசு இல்லைங்க. 1990லயே ஒரு கம்பெனி இதைச் செஞ்சு, கேசட்டாப் போட்டு, ஐரோப்பா முழுக்க வித்துடுச்சு. கம்பெனி பேரு கொனாமி. கேம் பேரு ப்ரோபோடெக்டர். அதை முதல் ஸ்டேஜ்ல இருந்து எட்டாவது வரைக்கும் விளையாடி முடிச்சவன்கிற ஒரே தகுதியில இதை எழுதறேன்.

ப்ரோபோடெக்டரா, கேள்விப்பட்டதே இல்லையேன்னு நினைக்கறவங்களுக்கு: அது வேற எதுவும் இல்லை, நம்ம கான்ட்ராவேதான். மஞ்சள் கலர் கேசட், அதுல "9999999 இன் 1"னு ஒரு பச்சைப் பொய், போட்டுப் பார்த்தா மாரியோ, வாத்து சுடறது, டாங்கி, சர்க்கஸ், அப்புறம் கான்ட்ரா. இந்த நாலஞ்சு கேமே வேற வேற பேர்ல திரும்பத் திரும்ப வரும். கேசட்டைக் கழட்டி வாயால ஊதி மாட்டினா ஓடும் (ஊதறதால எந்தப் பிரயோஜனமும் கிடையாது, எச்சில்தான் உள்ள போகும்னு பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன். இன்னும் ஊதிட்டுத்தான் இருக்கேன்). எங்க பெரியப்பா மகன், அண்ணன், 90கள்ல விளையாடின செட்டு அது. சென்னிமலையில அவங்க வீட்டுப் பரண்ல கிடந்ததை நான் எட்டாவது படிக்கும்போது கீழ இறக்கினேன். பக்கத்துல தறி ஓடற சத்தத்துல டிவி சத்தமே கேட்காது. அந்த 'டக்கடக்கடக்க'வுக்கும் கான்ட்ரா துப்பாக்கிக்கும் தாளம் சரியா இருக்கும்.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

கான்ட்ரா 1987ல ஆர்கேட் மெஷின்ல வந்துச்சு. 1988ல ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் வீட்டு டிவிக்கு வந்துச்சு. சட்டை போடாத ரெண்டு ஆளுங்க, பில், லான்ஸ். ஒரு தீவுல இறங்கி எதிரிப் படையையும் வேற்றுக்கிரகத்துப் பூச்சிகளையும் சுட்டுகிட்டே போகணும். இதை ஐரோப்பாவுல விக்கும்போதுதான் சிக்கல். ஜெர்மனியில 1954ல இருந்து ஒரு அரசு அமைப்பு இருக்கு. இளைஞர்களுக்குக் கேடுன்னு நினைக்கற புத்தகம், படம், பாட்டு எல்லாத்தையும் பட்டியல்ல சேர்க்கறது அதோட வேலை. 1984ல 'ரிவர் ரெய்டு'ங்கற சின்ன விமான கேமைக்கூடப் பட்டியல்ல போட்டாங்க. பட்டியல்ல வந்துட்டா தடைன்னு அர்த்தம் இல்லை. பெரியவங்க வாங்கலாம். ஆனா விளம்பரம் பண்ணக் கூடாது, கடையில கண்ணுக்குத் தெரியற மாதிரி வைக்கக் கூடாது, 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு விக்கக் கூடாது. சின்னப் பசங்களை நம்பி இருக்கற ஒரு கேசட்டுக்கு இது சாவுமணி. அந்த பயத்துலதான் கொனாமி மனுசங்களை எல்லாம் ரோபோ ஆக்கிடுச்சுன்னு பரவலாச் சொல்லுவாங்க. நம்மாளுங்க ரெண்டு பேரும் ரோபோ. எதிரிச் சிப்பாய்களும் ரோபோ. பேரும் மாறிப் போச்சு.

இப்ப இந்த கேமோட நல்லது கெட்டதைப் பார்ப்போம். முதல்ல நல்லது. (நல்லதைச் சொல்லாம திட்டினா அப்புறம் வயித்தெரிச்சல்னு சொல்லுவீங்க.)

கேம் பிரமாதம். இதுல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது. ஒரு பட்டன் குதிக்க, ஒரு பட்டன் சுட. எட்டுத் திசையிலயும் சுடலாம். குதிச்சா உடம்பு பந்தாச் சுருண்டு சுத்தும், அந்த நேரத்துல கீழயும் சுடலாம். பறந்து வர்ற டப்பாவை உடைச்சா எழுத்து விழும். அதுல 'எஸ்' கிடைச்சா குண்டு விசிறி மாதிரி விரிஞ்சு போகும். அது கையில இருக்கற வரைக்கும் நீங்க ராஜா. தெரியாத்தனமா 'எஃப்' மேல கால் வெச்சுட்டா சுருண்டு சுருண்டு போற நெருப்பு வந்துடும், பக்கத்துல விளையாடறவன் உங்களைத் திட்டுவான். காடு, அப்புறம் முதுகுப் பக்கமா நின்னு சுவரைச் சுடற கோட்டை, அருவி, மறுபடியும் கோட்டை, பனி, நெருப்பு கக்கற ஆலை, கிடங்கு, கடைசியா வேற்றுக்கிரகத்தானோட குகை. அடுத்தடுத்து வர்ற எதுவும் முன்னாடி வந்தது மாதிரி இருக்காது. முழுசும் முடிக்க அரை மணி நேரம் போதும். ஆனா அந்த அரை மணி நேரத்தைத் தொட எங்க அண்ணனுக்கு ஒரு முழு ஆண்டு லீவு ஆச்சு.

ஒரு குண்டு பட்டா ஒரு உயிர் போச்சு, அதுதான் சட்டம். மூணே உயிர். அதனாலதான் கொனாமியோட அந்தப் பிரபலமான ரகசியச் சாவி இவ்வளவு பேமஸ் ஆச்சு: மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ. கான்ட்ராவுல அதை அடிச்சா 30 உயிர். அதைக் கண்டுபிடிச்ச கசுஹிசா ஹஷிமோட்டோ 2020ல இறந்தப்போ உலகம் பூரா அஞ்சலி செலுத்தினாங்க. 'கிராடியஸ்' கேமை டிவிக்கு மாத்தும்போது தன்னாலயே அதை முடிக்க முடியலைன்னுதான் அந்தச் சாவியை வெச்சாராம். நல்ல மனுசன்.

ப்ரோபோடெக்டர்ல ரோபோவை வரைஞ்சவங்க மேலயும் எனக்குக் கோபம் கிடையாது. ஏனோதானோன்னு செய்யலை. ஓடறது, படுக்கறது, சுருண்டு குதிக்கறது, கோட்டையில முதுகு காட்டி நிக்கறது, எல்லாத்தையும் புதுசா வரைஞ்சிருக்காங்க. தனியாப் பார்த்தா அழகான பொம்மைங்க. சின்ன வயசுல அதையே முதல்ல பார்த்த ஐரோப்பாக்காரங்க பலருக்கு இன்னைக்கும் ரோபோதான் நிஜம், பில்லும் லான்ஸும் போலி. அந்தப் பாசத்தாலதான் 2019ல வந்த கான்ட்ரா தொகுப்புல ப்ரோபோடெக்டர் பேர்ல ரெண்டு கேம் சேர்த்தாங்க. 2024ல வந்த 'ஆபரேஷன் கலூகா'வுல ப்ரோபோடெக்டரையே ஒரு கேரக்டரா வெச்சாங்க.

இவ்வளவு நல்லது சொன்னேன் இல்லையா, இதுல எது ரோபோவால வந்த நல்லதுன்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க. வரைஞ்ச அழகைத் தவிர ஒண்ணுமே இல்லை. குண்டோட வேகம், குதிக்கற உயரம், எதிரி வர்ற இடம், அருவி, 'எஸ்', எல்லாம் கான்ட்ராவோட சொத்து. நீங்க அழுத்தற பட்டன்ல ஒண்ணுகூட மாறலை.

என்னோட சண்டையே இங்கதான் ஆரம்பிக்குது. "வன்முறையை எடுத்துட்டோம்"னு சொல்றாங்களே, எதை எடுத்தாங்க? கான்ட்ரா சிப்பாயைச் சுட்டா என்ன ஆகும்னு ஞாபகம் இருக்கா? ஒரு துள்ளு துள்ளுவான், 'பொட்'டுனு சின்னதா வெடிச்சு மறைஞ்சு போவான். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. பிணம் கிடையாது. ப்ரோபோடெக்டர்ல சிப்பாயைச் சுட்டா? ஒரு துள்ளு, ஒரு 'பொட்'டு. அவ்வளவேதான். இல்லாத ரத்தத்தை எடுத்ததுக்கு இவ்வளவு அலப்பறை!

அடுத்த கூத்து இன்னும் பெருசு. சட்டை போடாத ஆள் ஒரு குண்டு பட்டுச் செத்தா நம்பலாம். உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் இரும்பா இருக்கறவன் ஒரே குண்டுல மல்லாக்க விழுந்தா? எங்க ஊரு சிப்காட்ல இப்படி ஒரு தகட்டைக் குடுத்துட்டு யாராவது பில் போட முடியுமா? ரோபோன்னா தாங்கணும், கை போனாலும் ஓடணும், பாட்டரி தீரணும், ஏதாவது ஒண்ணு புதுசா நடக்கணும். இங்க எதுவும் நடக்காது, ஏன்னா உள்ள இருக்கறது மனுசன். மேல போர்த்தினது மட்டும்தான் தகரம்.

ரோபோவை வெச்சு நிஜமாவே ஒரு துப்பாக்கி கேம் செய்யணும்னா எப்படிச் செய்யலாம்னு காட்டினவங்களும் இருக்காங்க. 2012ல சேகா கம்பெனி 'பைனரி டொமைன்'னு ஒண்ணு போட்டுச்சு. 2080ல டோக்கியோ நகரம். ரோபோவோட காலைச் சுட்டா தவழ்ந்துகிட்டு வரும். கையைச் சுட்டா இன்னொரு கையில துப்பாக்கியை எடுக்கும். தலையைச் சுட்டா கண்ணு மண்ணு தெரியாம தன் ஆளுங்களையே சுடும். தகடு தகடா உரியும். அது இல்லாம, தான் மனுசன்னே நம்பிட்டு வாழற ரோபோக்கள்தான் கதையே. சுடறவனுக்கே ஒரு கட்டத்துல கை தயங்கும். (மைக்ல பேசி ஆளுங்களுக்கு உத்தரவு போடலாம்னு ஒரு வசதி வெச்சிருந்தாங்க. அது சுத்த மொக்கை. நாம ஒண்ணு சொல்ல அது ஒண்ணு கேட்கும்.) ப்ரோபோடெக்டர்ல ரோபோவுக்கு இருக்கற ஒரே வேலை, அலுவலகத்துல உட்கார்ந்து பட்டியல் போடற அதிகாரி பார்த்தா கோபம் வரக் கூடாதுங்கறது மட்டும்தான்.

உச்சகட்டம் கடைசி ஸ்டேஜ். மனுச உருவம் எல்லாம் கெடுதின்னு எடுத்தாச்சு இல்லையா? கடைசி வில்லன் யார் தெரியுமா? சதையும் நரம்புமா, சுவரை அடைச்சுகிட்டு 'லப்டப் லப்டப்'னு துடிச்சுகிட்டு இருக்கற ஒரு ராட்சச இதயம். அதை மட்டும் அப்படியே விட்டுட்டாங்க. குழந்தைங்க மனசு கெட்டுப் போகும்னு சிப்பாயைத் தகரமாக்கினவங்க, துடிக்கற இதயத்தை வெடிக்கற வரைக்கும் சுடச் சொல்லிட்டாங்க. என்னத்தச் சொல்ல!

ரோபோ ஆக்கினதுல எடுத்தது எதுன்னு கேட்டா, பேரை எடுத்தாங்க. பில், லான்ஸுக்குப் பதிலா ஆர்டி-008, ஆர்சி-011. ஹால் டிக்கெட் நம்பர் மாதிரி. அப்புறம் தலைப்பை எடுத்தாங்க. 'கான்ட்ரா'ங்கற பேருக்குப் பின்னாடி ஒரு நாடே இருக்கு. நிகராகுவாவுல 1979ல சாண்டினிஸ்டா புரட்சி நடந்து ஆட்சி மாறினப்போ, அதைக் கவிழ்க்க அமெரிக்கா ஆயுதமும் பணமும் குடுத்து வளர்த்த கூலிப்படைக்குப் பேரு கான்ட்ரா. ரீகன் அரசு ஈரானுக்கு ரகசியமா ஆயுதம் வித்து அந்தப் பணத்தை இவங்களுக்குத் திருப்பிவிட்ட விவகாரம் 1986 கடைசியில வெடிச்சு நாறுச்சு. சில மாசத்துல இந்த கேம் வருது. ஆர்கேட் பதிப்போட முடிவு இசைக்கு அவங்க வெச்ச பேரே 'சாண்டினிஸ்டா'. தற்செயல்னு யார் சொன்னாலும் நான் நம்பத் தயாரா இல்லை. விவரம் தெரிஞ்ச பையன் ஒருத்தன் "இது என்ன பேரு?"ன்னு கேட்டா, அவங்கப்பா ஏதோ ஒண்ணைச் சொல்லித்தான் ஆகணும். ஐரோப்பாவுல ஆர்கேட்லயே அதை 'கிரைசார்'னு மாத்தியாச்சு, அப்புறம் ப்ரோபோடெக்டர். ரெண்டு பேருக்கும் ஒரு அர்த்தமும் கிடையாது. கேள்வி கேட்கறதுக்கு ஒண்ணுமே மிச்சம் இல்லை. துப்பாக்கி மட்டும் பத்திரமா இருக்கு.

கொனாமியை மட்டும் திட்டிட்டுப் போனா நியாயம் இல்லை. 1998ல வந்த 'ஹாஃப் லைஃப்' எவ்வளவு பெரிய கேம்! அதோட ஜெர்மன் பதிப்புல சிப்பாய்ங்க எல்லாம் ரோபோ. விஞ்ஞானியைச் சுட்டா சாக மாட்டார். தரையில உட்கார்ந்து தலையை ஆட்டுவார், "ஏன்ப்பா இப்படிப் பண்றே"ங்கற மாதிரி. சிரிக்கறதா அழறதான்னு தெரியலை. 2017லதான் அந்த மாத்தம் எல்லாம் இல்லாத பதிப்பு அங்க கிடைச்சுது. நம்மாளுங்களும் சளைச்சவங்க இல்லை. 2020 செப்டம்பர்ல பப்ஜியைத் தடை செஞ்சாங்க. 2021 ஜூலையில அதே கேம் பிஜிஎம்ஐன்னு திரும்பி வந்துச்சு, ரத்தம் பச்சைக் கலர்ல! "கொன்னுட்டான்"னு வராது, "முடிச்சுட்டான்"னு வரும். விளையாடற பையன் "டேய் கொன்னுட்டேன்டா"ன்னுதான் கத்துவான். அவன் வாயை யார் மாத்தறது?

இந்த இடத்துல எதிர்க்கட்சிக்கும் ஒரு வாய்ப்பு குடுக்கணும். நாஜி ஆட்சி, ரெண்டு உலகப்போர், எல்லாம் பார்த்த நாடு ஜெர்மனி. "துப்பாக்கி தூக்கறது வீரம்"னு பசங்க மனசுல ஏறிடக் கூடாதுன்னு அவங்க பயந்தா அதைக் கிண்டல் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. அந்த ரோபோ வேஷம் போடலைன்னா அந்த ஊர்ப் பசங்களுக்கு இந்த கேம் கடையில கண்ணுலயே பட்டிருக்காது. அதுவும் உண்மை. ஆனா பயத்துக்கு மருந்து இது இல்லையே. ஜெர்மனியிலயே 1994ல யுஎஸ்கேன்னு வயசு முத்திரை போடற அமைப்பு வந்துச்சு, 2003ல அது சட்டப்படி கட்டாயம் ஆச்சு. "இது 12 வயசுக்கு, இது 16க்கு, இது 18க்கு"ன்னு அட்டையில பெருசா எழுதிட்டாங்க. உள்ள என்ன இருக்குன்னு அப்பா அம்மாவுக்குத் தெரியும், வாங்கறதும் விடறதும் அவங்க பாடு. ரோபோ வேஷம் செஞ்சது நேர் எதிர். துப்பாக்கி கேமை பொம்மை கேம்னு சொல்லி அதே அப்பா அம்மா கையில குடுத்துடுச்சு. பார்க்கப் போனா ரோபோ அட்டைதான் ஆறு வயசுக் குழந்தையைக் கூப்பிடும், சட்டை போடாத மீசைக்காரன் இல்லை.

"மெஷினுக்கு உயிர் இல்லையே, சுட்டா என்ன?"ன்னு நண்பன் கடைசியாக் கேட்டான். இதை வேற எங்கயாவது சொல்லியிருந்தா விட்டிருப்பேன். பெருந்துறையில உட்கார்ந்துகிட்டுச் சொல்றான். ஆயுத பூஜை அன்னைக்கு இவன் வீட்டு லாரிக்கு எலுமிச்சம்பழம் கட்டி, சந்தனம் பூசி, கற்பூரம் காட்டறாங்க. எங்க பெரியப்பா அன்னைக்குத் தறியை நிறுத்திட்டு, "அதுக்கும் ஒரு நாளு லீவு வேணுமல்ல சாமி"ம்பார். 2010ல 'எந்திரன்' கடைசியில சிட்டி தன்னைத்தானே கழட்டிப் போட்டப்போ எங்க வீட்ல அம்மா மூக்கைச் சிந்தினாங்க. மெஷினுக்கு முகம் வெச்சுட்டீங்கன்னா அது யாரோ ஒருத்தர்தான். நம்ம ஊர்ல முகம் வேண்டாம், சக்கரம் இருந்தாலே போதும்.

இதை எல்லாம் வாதம்னு வெச்சுக்கங்க. சாட்சி ஒண்ணு இருக்கு. போன தீபாவளி லீவுக்கு அக்கா பையன் வந்திருந்தான். ஏழு வயசு. லேப்டாப்பை டிவியில மாட்டி, ரெண்டு பேரும் ப்ரோபோடெக்டர் விளையாடினோம். அக்கா எட்டிப் பார்த்துட்டு, "ரோபோ கேமா? விளையாடு கண்ணு"ன்னு நிம்மதியா சமையக்கட்டுக்குப் போயிட்டா. முதல் ஸ்டேஜ், பாலம் வெடிக்கற இடம். அவன் ஓடினான், பாலம் போச்சு, எதிர்ல இருந்து குண்டு. "மாமா, நான் செத்துட்டேன்!"னு கத்தினான்.

"ரோபோ உடைஞ்சு போச்சு"ன்னு சொல்லலை. "ஆர்சி-011 பழுதாயிடுச்சு"ன்னும் சொல்லலை. அடுத்த உயிர் வந்ததும், "அவனைக் கொல்லு மாமா, அந்த மேல நிக்கறவனை!"ன்னான். 90கள்ல எங்க அண்ணனும் அவன் ஃப்ரெண்டும் சென்னிமலையில உட்கார்ந்து சட்டை போடாத ஆளுங்களை வெச்சுகிட்டு என்ன கத்தினாங்களோ, அதையேதான். தகரம் அவன் கண்ணுல படவே இல்லை. அது பட்டது அக்கா கண்ணுக்கு மட்டும்தான்.

மறுநாள் பரண்ல இருந்து பழைய செட்டை இறக்கி, கான்ட்ராவைப் போட்டுக் குடுத்தேன். அக்காகிட்ட, "இது ஆளுங்களைச் சுடற கேமு, அரை மணி நேரம்தான், நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்"னு சொல்லிட்டேன். முறைச்சா. அப்புறம் அவளே வந்து உட்கார்ந்துட்டா. ரெண்டாவது கன்ட்ரோலரை என் கையில இருந்து பிடுங்கி, அருவி ஸ்டேஜ் வரைக்கும் வந்தா. அங்க பையன் விறுவிறுன்னு மேல ஏறிப் போக, திரை மேல நகர, கீழ நின்ன அக்கா பொத்துனு விழுந்து செத்துப் போனா. "என்னைய விட்டுட்டு ஏறுனியா?"ன்னு அவன் காதைத் திருகினா பாருங்க, நிஜமான வன்முறை அதுதான் :-)

டிஸ்கி: மஞ்சள் கேசட் வேணும்னு க்ளாஸ்ல யாரும் என்கிட்ட வராதீங்க. அண்ணன் எண்ணி வெச்சிருக்கார்.